கரீப் அணை: போர்ட் எலிசபெத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றின் குறுக்கே நிற்கும் கரீப் அணையைப் பற்றி போர்ட் எலிசபெத்தின் மலபார் பகுதியில் வசிக்கும் நம்மவர்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்து போகும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் இவை. முதல் கேள்வி எப்போதும் மின்சாரத்தைப் பற்றியதாகவே இருக்கும். என்னைக் கேட்டால், நம் ஊருக்கு அந்த அணையின் மின்சாரத்தைவிடத் தண்ணீர்தான் பெரிது. 2021-இல் க்கெபெர்ஹா என்று பெயர் மாறிய நம் போர்ட் எலிசபெத், அந்தத் தண்ணீர் இல்லாமல் இன்று இந்த அளவில் இருக்க முடியாது.

அணை எங்கே இருக்கிறது?

லெசோத்தோ மலைகளில் செங்கு என்ற பெயரில் பிறக்கும் ஆறு, தென்னாப்பிரிக்காவுக்குள் ஆரஞ்சு ஆறாக மேற்கு நோக்கி ஓடி, மொத்தம் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் கடந்து அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. வழியில், புளூம்ஃபொன்டெய்னுக்குத் தெற்கே, நோர்வல்ஸ்பொன்ட் என்ற சிற்றூருக்குச் சற்று மேலே, ஆறு ஒரு பாறை இடுக்கில் நுழைகிறது. அணை அங்கேதான். வட கரை ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். நீர்த்தேக்கத்தின் தென் கரையில் பெரும்பகுதி நம் கிழக்குக் கேப்.

எவ்வளவு பெரியது? மேட்டூரைவிடப் பெரியதா?

ஆம். தென்னாப்பிரிக்காவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுதான். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கரீப் இன்று ஏறத்தாழ 500 கோடி கன மீட்டர் பிடிக்கும், அதாவது 175 டி.எம்.சி.க்குச் சற்று மேல். கிட்டத்தட்ட இரண்டு மேட்டூர். நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு 370 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிகிறது.

சுவரின் உயரம் 88 மீட்டர், நீளம் 914 மீட்டர். நீளத்தில் மேட்டூர் இதை மிஞ்சிவிடும். கரீப்பின் சிறப்பு அதன் வடிவத்தில் இருக்கிறது. நடுப்பகுதி நீரை எதிர்த்து வளைந்து நின்று, அழுத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முழுச் சுவரையும் அப்படியே வளைத்துக் கட்டப் பள்ளத்தாக்கு அகலமாக இருந்ததால், இரு ஓரங்களிலும் தன் எடையாலேயே நிற்கும் கனத்த கான்கிரீட் தோள்களைக் கட்டி, அவற்றின்மேல் வளைவைச் சாய்த்திருக்கிறார்கள். சுவரின் கீழ்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் இந்தச் சேர்க்கை தெளிவாகத் தெரியும்.

மின்சாரம் எவ்வளவு கிடைக்கிறது?

ஒவ்வொன்றும் 90 மெகாவாட் திறனுள்ள 4 இயந்திரங்கள், மொத்தம் 360 மெகாவாட். கீழே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாண்டர்க்ளூஃப் அணை அதே நீரை மறுபடி பிடித்து, 120 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டை ஓட்டுகிறது. 108 மீட்டர் உயரமுள்ள அதுதான் இந்நாட்டின் மிக உயரமான அணை.

ஓர் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது வினாடிக்குச் சுமார் 200 கன மீட்டர் நீரைக் குடிக்கும். தமிழ்நாட்டுக் கணக்கில் 7,000 கன அடி. காவிரிப் பாசனத்துக்கு மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று செய்தித்தாளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் உடனே புரியும். நான்கும் சேர்ந்து ஓடினால் 28,000 கன அடி.

அப்படியானால் ஏன் இத்தனை மின்வெட்டு வந்தது?

நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் 360 மெகாவாட் சிறிய தொகை. லிம்போபோவில் உள்ள மெடுபி நிலக்கரி நிலையம் ஒன்றே 4,700 மெகாவாட்டுக்கு மேல். கரீப் அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. தென்னாப்பிரிக்க மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. பழைய நிலக்கரி நிலையங்கள் அடிக்கடி நின்றுபோனதாலும், புதியவை காலத்தில் முடியாததாலும்தான் 2008 வாக்கில் தொடங்கிய லோட் ஷெடிங் 2023-இல் உச்சத்தைத் தொட்டது. ஓர் அணையால் அதைத் தடுத்திருக்க முடியாது.

ஆனால் அணையின் மதிப்பு மெகாவாட் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. நிலக்கரிக் கொதிகலனைக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பப் பல மணி நேரம் ஆகும். நீர் இயந்திரம் சில நிமிடங்களில் முழுத் திறனுக்கு வந்துவிடும். மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் அடுப்பும் விளக்கும் ஒரே சமயத்தில் எரியத் தொடங்கும்போது அந்தச் சில நிமிட வேகம்தான் கைகொடுக்கிறது. ஆகவே கரீப் இரவு பகலாக ஓடுவதற்காக அமைந்த நிலையம் அன்று. உச்சத் தேவையைத் தாங்குவதே அதன் வேலை.

தண்ணீரைத் திறக்கும் முடிவு யார் கையில்?

அணை நீர்வளத் துறைக்குச் சொந்தம், மின்நிலையம் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்குச் சொந்தம். கீழேயுள்ள பாசனத்துக்கும் ஊர்களுக்கும் எவ்வளவு நீர் போக வேண்டும் என்பதைத் துறை வகுக்கிறது. அந்த நீர் எந்த நேரத்தில் இயந்திரம் வழியாக இறங்கினால் மின்சாரத்துக்கு நல்லது என்பதை எஸ்காம் பார்க்கிறது. ஏரி நிறைந்திருக்கும் ஆண்டுகளில் எஸ்காமுக்குத் தாராளம். வறண்ட ஆண்டுகளில் தண்ணீர்க் கணக்கே முதலில் வரும். சரியான வரிசைதான். மின்சாரத்துக்கு மாற்று வழி உண்டு, குடிநீருக்கு இல்லை.

அட்லாண்டிக் பக்கம் ஓடும் ஆற்று நீர், இந்தியப் பெருங்கடல் பக்கம் இருக்கும் நமக்கு எப்படி வருகிறது?

இதைத்தான் நான் மிகவும் விரும்பி விளக்குவேன்.

நீர்த்தேக்கத்தின் தென் கரையில் ஓவிஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நீருக்குள் ஒரு கோபுரம் நிற்கிறது. ஏரியின் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் நீர் எடுக்க வசதியாக, வெவ்வேறு உயரங்களில் அதற்கு வாய்கள் உண்டு. அதனுள் புகும் நீர், மலைக்கு அடியில் குடைந்த சுரங்கத்தில் 82.8 கிலோமீட்டர் தெற்கே போகிறது. சுரங்கத்தின் விட்டம் ஐந்து மீட்டருக்கு மேல். 1975-இல் திறக்கப்பட்ட இது உலகின் மிக நீளமான நீர்ச் சுரங்கங்களில் ஒன்று. வழியில் எங்கும் பம்பு கிடையாது. நுழைவாயிலைவிட வெளிவாயில் தாழ்வாக இருப்பதால் நீர் தானாகவே ஓடுகிறது.

வெளிவாயில் ஸ்டெய்ன்ஸ்பர்க்குக்கு அப்பால், டீபஸ் என்ற தட்டையான உச்சியுள்ள குன்றின் பக்கத்தில். சுற்றிலும் காரூவின் கட்டாந்தரை: முழங்கால் உயரப் புதர்கள், கம்பி வேலி, தூரத்தில் சில ஆடுகள். அந்த வறண்ட நிலத்தில் பழுப்பு நிறத்தில், கரை தொட்டு, சத்தமில்லாமல் வேகமாக ஓடி வருகிறது தண்ணீர். மழை பெய்து பல மாதம் ஆகியிருக்கும். ஓடை மட்டும் நிறைந்திருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் மேகத்தைத் தேடுவார்கள்.

அங்கிருந்து க்ராஸ்ரிட்ஜ் அணை, பிறகு கிரேட் ஃபிஷ் ஆறு, க்ரேடாக் ஊர். குக்ஹவுஸ் அருகே இன்னொரு சுரங்கம், 13 கிலோமீட்டர். அது நீரை லிட்டில் ஃபிஷ் ஆற்றில் விடுகிறது. அங்கிருந்து டார்லிங்டன் அணைக்கு வந்து, சண்டேஸ் ஆற்றில் இறங்கி, கிர்க்வுட், அட்டோ பக்கத்து எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குக் கால்வாயில் பிரிகிறது. மிச்சம் நூயிட்கெடாக்ட் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, நகரின் குழாய்களில் ஏறுகிறது. லெசோத்தோவில் மழையும் பனியுமாக விழுந்த நீர் நம் சமையலறைக்கு வரும் வழி இதுதான்.

சுரங்கம் வருவதற்கு முன்பு ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு கோடையில் காய்ந்து கிடக்கும். 1920களில் கட்டிய சிறிய அணைகள் வண்டலால் தூர்ந்துகொண்டிருந்தன. விவசாயிகள் நிலத்தை விட்டுப் போகும் நிலை. இன்று கிர்க்வுட் பழங்கள் கப்பலேறுகின்றன என்றால் அதற்குக் காரணம் ஓவிஸ்டனில் நிற்கும் கோபுரம்தான்.

2022 வறட்சியில் நம் ஊர் தப்பியது இதனால்தானா?

பெரும்பகுதி இதனால்தான். 2015-இலிருந்தே நம் மேற்குப் பக்கத்து அணைகளுக்கு மழை தவறியது. கூகா, சர்ச்சில், இம்போஃபு என்று நாம் வழக்கமாக நம்பியிருந்தவை சரிந்துகொண்டே வந்தன. 2022 நடுவில் இம்போஃபுவில் எடுக்கத்தக்க நீர் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. குழாய்கள் வறண்டுபோகும் நாளைக் குறிக்கும் "டே ஸீரோ" என்ற சொல் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது. கோயில்களில் அபிஷேகத்துக்கு எத்தனை குடம் என்று யோசிக்க வேண்டிய காலமாக அது இருந்தது. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றிய வீடுகள் எத்தனையோ.

அதே மாதங்களில் கரீப் நிறைந்து கிடந்தது, ஏனென்றால் அதன் மழை வேறு வானத்தின் மழை. லெசோத்தோ மலைகளுக்கும் ஃப்ரீ ஸ்டேட்டுக்கும் கோடை மழை தாராளமாகப் பெய்திருந்தது. நூயிட்கெடாக்ட் நிலையத்தின் விரிவாக்கமும் 2022-இல் முடிந்து, நாளொன்றுக்கு 21 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறன் வந்தது. அந்த விரிவாக்கம் பல ஆண்டுகள் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீர் வாசலில் நின்றுகொண்டிருந்தது. திறக்கக் கதவு போதவில்லை.

குழாய்த் தண்ணீரின் சுவை ஏன் சில சமயம் மாறுகிறது?

மேற்கு மலை ஓடைகளின் நீர் மென்மையானது. ஆரஞ்சு ஆற்று நீர், ஃபிஷ், சண்டேஸ் பள்ளத்தாக்குகளின் உப்பு மண்ணையும் வயல்களின் வடிநீரையும் தொட்டுக்கொண்டு வருவதால் கனமாகிவிடுகிறது. அந்தப் பங்கு கூடும் காலங்களில் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு சீக்கிரம் பிடிக்கும், பருப்பு வேக நேரமெடுக்கும். சுத்திகரித்த நீர்தான், குடிக்கலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் இந்த ஆற்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்டு, தமிழ்நாட்டில் அவ்வப்போது குட்டைகளைத் தேடி அழிக்கும் அதே மீன்தான். 1822-இல் அறிவியல் உலகுக்கு அதை விவரித்தவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் பர்ச்செல். அது அறியப்பட்டது இந்த ஆற்றிலிருந்து, ஆற்றின் இன்னொரு பெயரான கரீப் அதன் அறிவியல் பெயரிலும் இருக்கிறது. இங்கே அது சொந்த மீன். ஆனால் சுரங்கம் வழியாக ஃபிஷ், சண்டேஸ் ஆறுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது, அங்கே அது அந்நியன். வேறு சில ஆரஞ்சு ஆற்று மீன்களும் அப்படியே கடந்துவிட்டன. ஆண்டு முழுவதும் ஓட்டம் நிற்காததால், ஓடும் நீரில் பெருகும் கருப்பு ஈக்களும் கூடின. ஆட்டு மந்தைகளை அவை படாத பாடு படுத்துகின்றன. இரண்டு ஆறுகளை இணைத்தால் நீர் மட்டும் போவதில்லை. நதிநீர் இணைப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அணைக்கு முன்பு வேறு பெயர் இருந்ததாமே? அப்போது நம் பெரியவர்கள் அங்கே போனார்களா?

1996 வரை அதன் பெயர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட் அணை. நிறவெறி ஆட்சியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஃபெர்வூர்ட். பிரதமராக இருந்தபோது, கறுப்பினப் போராட்டக்காரர்களைப் போலீஸார் சுட்டுக் கொன்ற ஷார்ப்வில் படுகொலை நடந்து இரண்டே ஆண்டில், 1962-இல் அவரது அரசு இந்த ஆற்றுத் திட்டத்தை அறிவித்தது. 1966-இல் அவர் கொல்லப்பட்டார். 1971-இல் கட்டி முடிந்த அணை அவர் பெயரைச் சுமந்தது.

நம் பெரியவர்கள் போனார்களா என்ற கேள்விக்கு நேரான பதில்: வட கரையில் அவர்களால் ஓர் இரவுகூடச் சட்டப்படி தங்கியிருக்க முடியாது. ஃப்ரீ ஸ்டேட் 1891-லேயே இந்தியர்கள் அங்கே குடியேறவும் கடை வைக்கவும் நிலம் பயிரிடவும் தடை விதித்தது. 1980களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை உயிரோடு இருந்தது. அணை கட்டப்பட்ட காலம் முழுவதும், முதல் இயந்திரம் சுழன்ற நாளிலும், சுரங்கம் திறந்த ஆண்டிலும் அது நடைமுறையில் இருந்த சட்டம்.

ஜோகன்னஸ்பர்க்கில் கல்யாணம் என்றால் போர்ட் எலிசபெத் குடும்பங்கள் ஃப்ரீ ஸ்டேட்டை ஒரே மூச்சில் கடந்தன. ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியை வைத்துச் சுருட்டி, ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு, கோல்ஸ்பெர்கில் பெட்ரோல் நிரப்பிக் கிளம்பினால் ஃப்ரீ ஸ்டேட்டின் வட எல்லையான வால் ஆறு தாண்டும் வரை தங்கல் கிடையாது. தூக்கம் வந்தால் ஓட்டுகிறவரை மாற்றிக்கொள்வார்கள். அந்தத் தலைமுறையில் பலரும் அணையின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அதே ஆண்டுகளில்தான், 1960களின் நடுவிலிருந்து, நம் ஊரின் சவுத் எண்ட் பகுதி இடிக்கப்பட்டது. பல இனத்தாரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்த அந்தப் பகுதியிலிருந்து இந்தியர்கள் மலபாருக்கு அனுப்பப்பட்டார்கள். நம் முகவரியும் அந்த அணையும் ஒரே அரசின் ஒரே காலத்து வேலைகள். அணையின் பொறியியலைப் பாராட்டும்போது இதைச் சொல்லாமல் விடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

ஏரிக்குள் மூழ்கியவை என்ன?

ஆற்றோரப் பண்ணைகள், சாலைகள், பாலங்கள். பெத்தூலி ஊரில், ஆங்கிலேய–போயர் போர்க் காலத்து வதை முகாமில் இறந்தவர்களின் கல்லறைகளை நீர் வருவதற்கு முன்பே தோண்டி மேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ரயிலும் வாகனங்களும் சேர்ந்து செல்லும் ஹென்னி ஸ்டெய்ன் பாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஏரிக்காகவே உயர்த்திக் கட்டியது. கறுப்பினத்தார் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 1913 நிலச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் நிலப் பட்டா வெள்ளையர் கையில்தான் இருந்தது. பண்ணைகளில் தலைமுறையாக உழைத்த கறுப்பினக் குடும்பங்களிடம் காட்டுவதற்குப் பத்திரம் எதுவும் இல்லை. போரில் இறந்தவர்களின் கல்லறைக்குக் கிடைத்த கவனம், உயிரோடு இருந்த அவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

வண்டல் சேர்ந்து ஏரி தூர்ந்துவிடுமா?

மெல்ல மெல்லத் தூர்கிறது. கட்டிய காலத்தில் கிட்டத்தட்ட 600 கோடி கன மீட்டர் கொள்ளளவு இருந்தது. இன்று 500 கோடிதான். குற்றவாளி பெரும்பாலும் கலேடன் ஆறு: அரிப்புக்கு ஆளான மேய்ச்சல் நிலங்களின் மண்ணை அள்ளிக்கொண்டு ஏரியில் சேர்கிறது. புளூம்ஃபொன்டெய்னுக்காக அந்த ஆற்றிலேயே 1973-இல் கட்டிய வெல்பெடாக்ட் அணை சில பத்தாண்டுகளில் தன் கொள்ளளவில் பெரும்பகுதியை மண்ணுக்கு இழந்துவிட்டது. கரீப் பெரியது என்பதால் தாங்குகிறது. ஏரியைத் தூர்வாருவது நடக்காத காரியம். மேலே மண்ணைப் பிடித்து வைப்பதுதான் வழி.

லெசோத்தோவில் புதிய அணைகள் வந்தால் நமக்கு நீர் குறையுமா?

குறையும். 1986 ஒப்பந்தத்தின்படி செங்கு ஆற்றின் மேற்பகுதி நீரைக் காட்சே, மொஹாலே அணைகள் பிடித்து, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துக்கு அனுப்புகின்றன. இப்போது பொலிஹாலி அணையும் கட்டப்படுகிறது. அங்கே பிடிக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் கரீப்புக்கு வராத நீர். ஜோகன்னஸ்பர்க்குக்கும் நமக்கும் ஒரே மலைதான் தாய்வீடு. ஆகவே நம் நகரம் உடைந்த குழாய்களில் ஒழுகவிடும் நீரை அடைப்பது, புதிய நீரைக் கேட்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை.

வெள்ளத்தில் ஆபத்து உண்டா?

அணைக்கு இல்லை. 1988-லும் 2011-லும் பெருவெள்ளம் வந்தபோது சுவர் அசையவில்லை. நிறைந்துவிட்டால் உபரி வழிந்தோடும், கீழே அப்பிங்டன் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் விழித்திருக்க வேண்டியிருக்கும். அணை வெள்ளத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது.

போய்ப் பார்க்க எப்படி, எப்போது?

400 கிலோமீட்டருக்கு மேல். நேர் வழி என்று கோல்ஸ்பெர்க் பக்கம் போகிறவர்கள் அதிகம். க்ரேடாக், ஹோஃப்மேயர், ஸ்டெய்ன்ஸ்பர்க், வென்டர்ஸ்டாட் வழியாகப் போங்கள் என்று நான் சொல்வேன், ஏனென்றால் தண்ணீர் வரும் பாதையை எதிர்த்திசையில் பின்தொடர்ந்து போகலாம். டீபஸ் குன்று கண்ணில் படும்; ஓவிஸ்டனில் கோபுரத்தைப் பார்க்கலாம். பெட்ரோலை க்ரேடாக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மழைக்காலமான கோடையின் பிற்பகுதியில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஏரி நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜூன், ஜூலையில் இரவில் உறைபனி விழும், வயதானவர்களுக்குக் கம்பளி வேண்டும். அணையை ஒட்டிய ஊரில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அங்குள்ள சிறு விமானத் தளத்தில் கோடையில் கிளைடர்கள் ஏறுவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். சுவருக்குள் அழைத்துப்போகும் ஏற்பாடு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முடிந்தால் அந்தக் காலத்தில் நிற்காமல் கடந்துபோன தாத்தா, பாட்டிகளை முன் இருக்கையில் உட்காரவைத்து அழைத்துப்போங்கள். வட கரையில் அறை எடுத்து, இரண்டு இரவாவது தங்குங்கள்.